28 வயதுக் கதவு: போஸ்னிய முன்கள ஆட்டக்காரர்கள் நாடு நாடாகப் போன கதை

போஸ்னியா-ஹெர்ஸகோவினாவின் கால்பந்து முன்கள ஆட்டக்காரர் ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பை எடுத்துப் பார்த்தால், அதில் ஏழெட்டுக் கிளப்புகளும் நாலைந்து நாடுகளும் இருப்பது சாதாரணம். சில கிளப்புகளில் இரண்டு பருவம், சிலவற்றில் ஆறு மாதம், இடையில் கடனுக்கு அனுப்பப்பட்ட காலம் என்று பட்டியல் நீளும். இதை ஆட்டக்காரரின் நிலைகொள்ளாத மனம் என்று சொல்லிவிட முடியாது. யூகோஸ்லாவியக் காலத்துச் சட்டம் ஒன்று, 1992இல் வெடித்த போர், போருக்குப் பின் பெருத்த ஆட்டக்காரர் சந்தை ஆகிய மூன்றும் அடுத்தடுத்து இந்த நாடோடித் தொழிலை உருவாக்கின. ஒவ்வொரு தலைமுறையும் வெவ்வேறு வழியாக ஊரைவிட்டு வெளியேறியது.

சட்டம் கட்டிவைத்த தலைமுறை

யூகோஸ்லாவியாவின் ஒரு பகுதியாக இருந்தபோதே போஸ்னியாவில் கால்பந்து வேரூன்றிவிட்டது. சரயேவோவில் ரயில்வே தொழிலாளர்கள் 1921இல் ஷெல்யெஸ்னிச்சார் கிளப்பைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு மோஸ்தார் நகரில் வெலெஷ் தோன்றியது. எஃப்.கே. சரயேவோ 1946இல் வந்தது. பெல்கிரேடு, ஜாக்ரெப், ஸ்ப்லிட் நகரங்களின் பெரிய கிளப்புகளை மீறி எஃப்.கே. சரயேவோ 1967லும் 1985லும் யூகோஸ்லாவிய லீக்கை வென்றது. ஷெல்யெஸ்னிச்சார் 1972இல் வென்றது. வெலெஷ் 1981லும் 1986லும் மார்ஷல் டிட்டோ கோப்பையைக் கைப்பற்றியது.

இந்தக் கிளப்புகள் வளர்த்த முன்கள ஆட்டக்காரர்கள் நீண்ட காலம் உள்ளூரிலேயே ஆடினார்கள். ஆட்டக்காரர்கள் 28 வயது நிரம்பிய பிறகே வெளிநாட்டுக் கிளப்பில் சேரலாம் என்ற விதி 1970களிலும் 80களின் பெரும்பகுதியிலும் நடைமுறையில் இருந்தது. 1968இல் மேற்கு ஜெர்மனியோடு செய்த உடன்படிக்கைக்குப் பின் கட்டடத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் லட்சக்கணக்கில் அங்கே வேலைக்குப் போனார்கள். அவர்களுக்குத் திறந்த எல்லை கால்பந்தாட்டக்காரருக்கு மட்டும் வயது பார்த்துத் திறந்தது. இதனால் உள்நாட்டு லீக்கின் தரம் குறையாமல் இருந்தது. ஆட்டக்காரரின் சிறந்த பத்தாண்டுகள் சொந்த ஊர் ரசிகர்களுக்குக் கிடைத்தன. போகும்போது கிளப்புக்கு அந்நியச் செலாவணியும் வந்தது.

மோஸ்தாரின் துஷான் பாயெவிச் இந்த விதியின் கச்சிதமான உதாரணம். 1974 உலகக் கோப்பையில் ஜயேரை யூகோஸ்லாவியா 9-0 என்று வீழ்த்திய ஆட்டத்தில் அவர் மூன்று கோல் அடித்தார். அதன் பிறகும் மூன்று ஆண்டுகள் வெலெஷ் அணியிலேயே இருந்துவிட்டு, 1977இல் 28 வயதில்தான் கிரேக்கத்தின் ஏ.இ.கே. ஏதென்ஸ் கிளப்புக்குப் போனார். 1979-80 பருவத்தில் கிரேக்க லீக்கின் அதிக கோல் அடித்தவராக உயர்ந்தார். 1981இல் மோஸ்தாருக்கே திரும்பி வெலெஷ் சட்டையிலேயே ஆட்டத்தை முடித்துக்கொண்டார்.

அதே 1981இல், அதே வெலெஷ் அணியிலிருந்து, அதே 28 வயதில் கிளம்பியவர் வாஹித் ஹலில்ஹோஜிச். யாப்லானிட்சாவில் பிறந்த அவர் பிரான்சின் நான்ட் கிளப்பில் சேர்ந்து, 1982-83 பருவத்தில் 27 கோலும் 1984-85 பருவத்தில் 28 கோலும் அடித்து இரண்டு முறை பிரெஞ்சு லீக்கின் முதல் கோல்வேட்டைக்காரராக நின்றார். எஃப்.கே. சரயேவோவின் சாஃபெத் சூஷிச் 28ஐ நெருங்கிய நிலையில் 1982இல் வெளியேற முயன்றார். இத்தாலியின் டொரினோ, இன்டர் ஆகிய இரண்டு கிளப்புகளோடும் அவர் முன் ஒப்பந்தம் போட்டிருந்ததால் இத்தாலி அவருக்கு மூடப்பட்டது. பாரிஸ் சான்-ஜெர்மேன் கிளப்புக்குப் போய் ஒன்பது பருவம் ஆடினார். அந்தக் கிளப்பின் வரலாற்றிலேயே சிறந்த ஆட்டக்காரர் என்று 2010இல் பிரான்ஸ் ஃபுட்பால் இதழ் அவரைத் தேர்ந்தெடுத்தது.

இந்தத் தலைமுறையை நாடோடி ஆட்டக்காரர்கள் என்று சொல்ல முடியாது. உள்ளூரில் பத்தாண்டு, வெளியூரில் ஒன்றிரண்டு கிளப், பிறகு வீடு திரும்புதல் என்பதே அவர்கள் போன பாதை. ஊர் திரும்புவதற்கு ஒரு லீக், ஒரு மைதானம், ஒரு வீடு இருந்தன. 1992இல் அவை இல்லாமல் போயின.

லீக் நின்ற நாள்

1992 ஏப்ரல் 5 அன்று சரயேவோவின் கிர்பவிட்சா மைதானத்தில் ஷெல்யெஸ்னிச்சார் அணியும் பெல்கிரேடின் ராத் அணியும் மோதவிருந்தன. சுற்றுப்புறத்தில் துப்பாக்கிச் சூடு கேட்டதால் ஆட்டம் கைவிடப்பட்டது. அடுத்து நகரம் முற்றுகைக்குள் போனது. 1996 பிப்ரவரி 29 வரை 1,425 நாள் நீடித்த அந்த முற்றுகையில் கிர்பவிட்சா மைதானம் போர்முனையாகவே மாறியது.

ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் கிளப்புக்கும் மியூனிக் 1860க்கும் ஆடிவிட்டுத் திரும்பியிருந்த சரயேவோ முன்கள ஆட்டக்காரர் ப்ரெத்ராக் பாஷிச், முற்றுகையின் நடுவே 1993இல் ஸ்கெந்தெரியா மண்டபத்தில் சிறுவர்களுக்குக் கால்பந்துப் பள்ளி தொடங்கினார். எந்த இனம், எந்த மதம் என்று பார்க்காமல் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்ட அந்தப் பள்ளியின் பெயர் புபமாரா. குண்டு விழும் தெருக்களைத் தாண்டி நூற்றுக்கணக்கான சிறுவர்கள் வந்தார்கள். நகரத்தில் எஞ்சியிருந்த கால்பந்து பெரும்பாலும் அவ்வளவுதான்.

1991 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 44 லட்சம் பேர் இருந்த நாட்டில், போரில் சுமார் ஒரு லட்சம் பேர் இறந்தார்கள். இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தார்கள். ஜெர்மனி மட்டுமே மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகளை ஏற்றது. ஆனால் அவர்களுக்குத் தற்காலிக அனுமதிதான் கொடுத்தது. போர் முடிந்ததும் ஊர் திரும்பச் சொன்னது. சுவீடன் பல்லாயிரம் பேருக்கு நிரந்தர வதிவுரிமை வழங்கியது. ஜெர்மனியில் இருக்க முடியாமலும் ஊர் திரும்ப முடியாமலும் தவித்த பலர் அமெரிக்காவுக்குப் போனார்கள். பின்னாளில் போஸ்னிய முன்கள ஆட்டக்காரர்கள் எந்தெந்த நாட்டு மைதானங்களில் முளைப்பார்கள் என்பதை இந்த விசாக்களே பெரிதும் முடிவு செய்தன.

போர்க்காலத்து முன்கள வீரர்கள்

வயதுக் கட்டுப்பாடு தளர்ந்த பிறகு, போருக்குச் சற்று முன்போ போரின்போதோ வெளியேறியவர்கள் அடுத்த தலைமுறை. மோஸ்தாரின் மெஹோ கோத்ரோ 1991இல், 24 வயதில், ஸ்பெயினின் சான் செபாஸ்டியன் நகரத்து ரியல் சோசியடாட் கிளப்பில் சேர்ந்தார். முந்தைய விதி இருந்திருந்தால் இன்னும் நான்கு ஆண்டு காத்திருக்க வேண்டியிருக்கும். 1994-95 பருவத்தில் 25 கோல் அடித்த அவரை யோஹான் கிரைஃபின் பார்சிலோனா வாங்கியது. அங்கே ஒரே பருவம். பிறகு டெனரிஃபே, அலாவேஸ், கடைசியாக இஸ்ரேலின் மக்காபி டெல் அவீவ். நான்ட் நகரில் ஹலில்ஹோஜிச் ஐந்து ஆண்டு ஊன்றி ஆடினார். கோத்ரோவோ சான் செபாஸ்டியனை விட்ட பிறகு ஐந்தே ஆண்டுகளில் நான்கு கிளப்புக்கு ஆடிவிட்டார். நாடோடி ஆட்டக்காரரின் காலம் தொடங்கியிருந்தது.

மோஸ்தாரின் செர்கெய் பார்பரெஸ் 1991இல் ஹனோவரில் இருந்த உறவினரைப் பார்க்கப் போனவர். ஊரில் போர் மூண்டதால் அங்கேயே தங்கினார். பெரிய கிளப் எதுவும் அவரை அழைக்கவில்லை. கீழ்நிலை லீக்கில் தொடங்கி, யூனியன் பெர்லின், ஹன்சா ரோஸ்டாக், டோர்ட்மண்ட் என்று படிப்படியாக ஏறி, 2000இல் ஹாம்பர்க் வந்து சேர்ந்தார். அந்தப் பருவத்தில் 22 கோல் அடித்து பன்டஸ்லீகாவின் முதல் கோல்வேட்டைக்காரர் பட்டத்தை டென்மார்க்கின் எப்பே சாண்டோடு பகிர்ந்துகொண்டார். பருவத்தின் கடைசி நாளான 2001 மே 19 அன்று, 90ஆவது நிமிடத்தில் அவர் தலையால் முட்டிய கோல் பேயர்ன் மியூனிக்கின் பட்டத்தைப் பறித்து ஷால்க கிளப்பிடம் கொடுத்துவிட்டதாகவே எல்லோரும் நினைத்தார்கள். சில நிமிடங்களில் பேயர்ன் சமன் செய்து பட்டத்தை மீட்டது. ஹனோவருக்கு விருந்தாளியாகப் போன இளைஞர் பத்து ஆண்டில் ஜெர்மன் லீக்கின் முடிவையே அசைக்கும் இடத்துக்கு வந்திருந்தார்.

துருக்கி இன்னொரு புகலிடம். ஒட்டோமான் காலத்திலிருந்தே போஸ்னிய முஸ்லிம்கள் அங்கே குடியேறிவந்தார்கள்; இஸ்தான்புல் கிளப்புகளிடம் பணமும் இருந்தது. செனிட்சாவில் பிறந்த எல்விர் போலிச் 1992இல் கலாத்தாசராய் வந்து, காசியான்டெப்ஸ்போர் வழியாக ஃபெனர்பாச்சே அணியில் நிலைபெற்றார். 1996 அக்டோபர் 30 அன்று ஓல்டு டிராஃபோர்டில் அவர் அடித்த பந்து தடுப்பாட்டக்காரர் மேல் பட்டு வலைக்குள் போனது. ஐரோப்பியப் போட்டிகளில் நாற்பது ஆண்டாகச் சொந்த மைதானத்தில் தோற்காத மான்செஸ்டர் யுனைடெட் அன்று 0-1 என்று தோற்றது. சரியாக ஒரு வாரம் கழித்து, முற்றுகை நீங்கி எட்டு மாதமே ஆன சரயேவோவில் போஸ்னியா இத்தாலியை 2-1 என்று வென்றது. அதிலும் ஒரு கோல் போலிச்சுடையது. போஸ்னிய தேசிய அணி முதல் ஆட்டத்தை ஆடி அப்போது ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை.

வெதாத் இபிஷெவிச்: ஒரு முழுப் பயணம்

போரின்போது சிறுவராக இருந்தவர்கள் மூன்றாவது தலைமுறை. அவர்களில் இந்தத் தொழிலின் எல்லாக் கட்டங்களையும் ஒரே வாழ்க்கையில் கண்டவர் வெதாத் இபிஷெவிச்.

கிழக்கு போஸ்னியாவின் விளாசெனிட்சாவில் 1984இல் பிறந்தார். 1992இல் ஆயுதக் குழுக்கள் ஊருக்குள் புகுந்தபோது, தாய் காட்டில் ஒரு குழி தோண்டி அவரையும் சகோதரியையும் அதில் ஒளித்துவைத்துக் காப்பாற்றியதை அவரே பின்னாளில் நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். குடும்பம் துஸ்லா நகருக்குத் தப்பியது. 2000இல் சுவிட்சர்லாந்து, அங்கே நிலைக்க முடியாமல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ். பல்லாயிரம் போஸ்னிய அகதிகள் குடியேறி, பாழடைந்து கிடந்த ஒரு பகுதியையே உயிர்ப்பித்த நகரம் அது. உயர்நிலைப் பள்ளி அணியிலும் பிறகு செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழக அணியிலும் ஆடினார்.

கல்லூரி ஆட்டத்திலிருந்து ஐரோப்பாவுக்கு அவரைக் கொண்டுசென்றவர் முதல் தலைமுறையைச் சேர்ந்த ஹலில்ஹோஜிச். அப்போது பாரிஸ் சான்-ஜெர்மேனின் பயிற்சியாளராக இருந்த அவர் 2004இல் இபிஷெவிச்சை அழைத்துக்கொண்டார். பாரிசில் கிடைத்தவை நான்கு லீக் ஆட்டங்கள் மட்டுமே. ஹலில்ஹோஜிச்சும் 2005இல் பதவி இழந்தார். அடுத்த பருவம் இரண்டாம் நிலை லீக்கின் டிஜோன் கிளப்புக்குக் கடனாக அனுப்பப்பட்டு அங்கே 10 கோல் அடித்தார். 2006இல் ஜெர்மனியின் ஆகன் கிளப் வாங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் ஆட்டக்காரருக்கு இருந்த எண்ணிக்கை வரம்பை பன்டஸ்லீகா எடுத்த ஆண்டும் அதுவே. ஆனால் ஆகன் அந்தப் பருவமே கீழ் லீக்குக்கு இறங்கியது. மூன்று ஆண்டில் மூன்று கிளப், எங்கும் காலூன்றவில்லை. பெரும்பாலான நாடோடி ஆட்டக்காரர்களின் கதை இந்த இடத்தில் இறங்குமுகமாகிவிடும்.

2007இல் ஹோஃபன்ஹைம் அழைத்தது. சுமார் மூவாயிரம் பேர் வாழும் கிராமத்தின் கிளப். எஸ்ஏபி மென்பொருள் நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரான டீட்மர் ஹாப்பின் பணத்தால் மேலே வந்தது. பயிற்சியாளர் ரால்ஃப் ராங்னிக். முதல் பருவத்தில், இரண்டாம் நிலை லீக்கில், இபிஷெவிச் அடித்தவை 5 கோல்தான். அணி பன்டஸ்லீகாவுக்கு ஏறியதும் நிலைமை தலைகீழானது. பந்தைப் பறித்த நொடியில் முன்னோக்கிப் பாயும் ராங்னிக்கின் ஆட்டமுறைக்கு, கோல் பெட்டிக்குள் இடம் பிடித்து ஒரே தொடலில் முடிக்கும் ஆட்டக்காரர் தேவைப்பட்டார். அவருக்குப் பந்து கொடுக்கும் நடுக்களத்தில் பெர்லினில் வளர்ந்த இன்னொரு போஸ்னியரான செயாத் சாலிஹோவிச் இருந்தார். 2008-09 பருவத்தின் முதல் பாதியில் 17 ஆட்டத்தில் 18 கோல். கிராமத்துக் கிளப் பட்டியலின் உச்சியில் இருந்தபடி குளிர்கால விடுமுறைக்குப் போனது.

2009 ஜனவரியில் ஸ்பெயினில் நடந்த ஒரு பயிற்சி ஆட்டத்தில் அவருடைய முழங்கால் தசைநார் அறுந்தது. பருவம் முடிந்தது. அவரில்லாத ஹோஃபன்ஹைம் ஏழாவது இடத்துக்குச் சரிந்தது. திரும்பி வந்த பிறகும் கோல் அடித்தார். ஆனால் அந்த ஐந்து மாத வேகம் மீண்டும் வரவில்லை. 2012இல் ஷ்டுட்கார்ட், 2015இல் ஹெர்த்தா பெர்லின், பிறகு ஹெர்த்தாவின் கேப்டன் பதவி. 2020இல் 36 வயதில் ஷால்க. அடிப்படைச் சம்பளத்தை அறப்பணிக்குக் கொடுப்பதாகச் சொல்லிச் சேர்ந்தார். பயிற்சி மைதானத்தில் நடந்த வாக்குவாதத்துக்குப் பின் அந்த ஆண்டு முடிவிலேயே ஒப்பந்தம் ரத்தானது. கணக்கு முடிந்தபோது பன்டஸ்லீகாவில் அவர் பெயரில் 127 கோல்கள் இருந்தன.

கிளப்புகள் மாறினாலும் தேசிய அணி மாறவில்லை. போஸ்னியாவுக்காக 83 ஆட்டங்களில் 28 கோல் அடித்தார். அவற்றில் இரண்டு வரலாற்றில் நிற்பவை. 2013 அக்டோபர் 15 அன்று லிதுவேனியாவின் கவுனஸ் நகரில், எதின் ஜெக்கோ கொடுத்த பந்தை 68ஆவது நிமிடத்தில் வலைக்குள் தள்ளினார். அந்த ஒரே கோலில் போஸ்னியா முதல்முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. எட்டு மாதம் கழித்து, 2014 ஜூன் 15 அன்று மரக்கானா மைதானத்தில் அர்ஜென்டினாவுக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கி, கோல்காப்பாளர் ரொமேரோவின் கால்களுக்கு இடையே பந்தை விட்டு உலகக் கோப்பையில் போஸ்னியாவின் முதல் கோலை அடித்தார். ஆட்டம் 1-2 என்று தோல்வியில் முடிந்தது. அன்று அணியின் பயிற்சியாளர் சாஃபெத் சூஷிச். அதே போட்டியில் அல்ஜீரியாவுக்குப் பயிற்சி அளித்தவர் ஹலில்ஹோஜிச்.

கடன்முறையும் சந்தையும்

போர் சிதறடித்தவர்களைத் தொடர்ந்து நகர்த்திக்கொண்டே இருந்தது சந்தை. 1995 டிசம்பரில் வந்த பாஸ்மன் தீர்ப்பு ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களான ஆட்டக்காரர்களுக்கு எல்லைகளைத் திறந்தது. போஸ்னியா ஒன்றியத்தில் இல்லை. ஆகவே எண்ணிக்கை வரம்பு உள்ள லீக்குகளில் போஸ்னியக் கடவுச்சீட்டு மட்டும் வைத்திருப்பவர் வெளிநாட்டவருக்கான சொற்ப இடங்களுக்கே போட்டியிட வேண்டும். அந்த இடத்தில் இருந்துகொண்டு இரண்டு மாதம் கோல் அடிக்காவிட்டால் கிளப் வேறு ஆளைத் தேடும். தடுப்பாட்டக்காரரின் தரத்தை மதிப்பிடக் காலம் பிடிக்கும். முன்கள ஆட்டக்காரரின் தரம் வாராவாரம் எண்ணிக்கையாகவே வெளியாகிவிடும். அதனாலேயே ஜனவரி மாதச் சந்தையில் முதலில் இடம் மாறுபவர் அவர்.

ஸ்லதான் முஸ்லிமோவிச்சின் பட்டியல் இதற்கு நல்ல சான்று. பன்யா லூக்காவில் 1981இல் பிறந்து, அகதியாக சுவீடனில் வளர்ந்து, இத்தாலியின் உதினேசே கிளப்பில் சேர்ந்தவர். உதினேசே உலகெங்கும் இளம் ஆட்டக்காரர்களை மலிவாக எடுத்து, பிற கிளப்புகளுக்குக் கடன் கொடுத்து, தேறுபவர்களை விற்கும் கிளப். பெரூஜா, படோவா, அஸ்கோலி, ரிமினி, மெஸ்ஸினா, பார்மா, அட்டலாண்டா என்று முஸ்லிமோவிச் இத்தாலியின் வரைபடத்தையே சுற்றினார். பிறகு கிரேக்கத்தின் பாஓக், இறுதியில் சீனாவின் குய்ஜோ ரென்ஹே.

உள்ளூர்க் கிளப்புகள் இந்தச் சந்தையில் அடித்தட்டில் இருந்தன. போருக்குப் பின் லீக் இன அடிப்படையில் மூன்றாகப் பிரிந்து கிடந்தது. மூன்று தரப்பும் ஒரே பிரீமியர் லீக்கில் ஆட 2002 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஷெல்யெஸ்னிச்சார் 2005இல் எதின் ஜெக்கோவைச் செக் நாட்டின் டெப்லிட்சே கிளப்புக்கு விற்றபோது கிடைத்தது சுமார் 25,000 யூரோ. இரண்டே ஆண்டில் வொல்ஃப்ஸ்பர்க் 40 லட்சம் யூரோ கொடுத்தது. 2011இல் மான்செஸ்டர் சிட்டி கொடுத்தது 2.7 கோடி பவுண்டு. சிறுவயதில் பயிற்சி கொடுத்த கிளப்புகளுக்கு, பிற்கால விற்பனைத் தொகையில் 5 சதவீதம் வரை பங்கு தர வேண்டும் என்று 2001இல் ஃபிஃபா விதி கொண்டுவந்தது. வறிய கிளப்புகளுக்கு அது ஓரளவு கைகொடுத்தது. ஆனாலும் லாபத்தின் பெரும்பங்கு இடையில் இருந்த கிளப்புகளுக்கே போனது.

பிள்ளைகளின் தலைமுறை

இன்று போஸ்னிய அணிக்கு ஆடும் முன்கள ஆட்டக்காரர் பலர் போஸ்னியாவில் பிறந்தவர்களே அல்லர். மெஹோ கோத்ரோவின் மகன் கெனான் 1993இல் சான் செபாஸ்டியனில் பிறந்தார். ஒசசூனா, ஜெர்மனியின் மைன்ஸ், சுவிட்சர்லாந்தின் கிராஸ்ஹாப்பர், கோபன்ஹேகன், அத்லெடிக் பில்பாவ், ஹங்கேரியின் ஃபெஹெர்வார் என்று தந்தையைவிட நீண்ட பட்டியல் அவருக்கு. எர்மெதின் தெமிரோவிச் 1998இல் ஹாம்பர்க்கில் பிறந்தவர். ஸ்பெயினின் அலாவேஸ் அவரைப் பிரான்சுக்கும் ஸ்பெயினின் பிற கிளப்புக்கும் சுவிட்சர்லாந்தின் செயின்ட் காலனுக்கும் கடனாக அனுப்பியது. செயின்ட் காலனில் தேறிய பிறகு ஃபிரைபர்க், ஆக்ஸ்பர்க் வழியாக 2024இல் ஷ்டுட்கார்ட் வந்தார். பாஷிச்சும் இபிஷெவிச்சும் முன்பே ஆடிய கிளப் அது.

அசையாமல் கிடந்த 28 வயதுக் கதவு ஆட்டக்காரரின் உரிமையைப் பறித்தது என்பது உண்மை. ஆனால் உள்நாட்டு லீக்கை அது காத்தது என்பதும் உண்மை. அந்தக் கதவு இருந்தபோது, 1984-85 பருவத்தில், ஷெல்யெஸ்னிச்சார் யூஈஎஃப்ஏ கோப்பையின் அரையிறுதிவரை போனது. கதவு போன பிறகு எந்தப் போஸ்னியக் கிளப்பும் ஐரோப்பியக் கோப்பையில் அந்த இடத்தை எட்டவில்லை. போஸ்னிய முன்கள ஆட்டக்காரர் உலகச் சந்தையில் பெற்ற சுதந்திரத்தின் விலையைச் செலுத்திவருவது சரயேவோ, மோஸ்தார், செனிட்சா நகரங்களின் கிளப்புகளே.